ஆறு மணிக்கு வந்து ஏத்துறன்

அருள்மலர் வீட்டு அடுப்பின் கீழே, கேக் சுடுகிற ‘அவன்’ பெட்டிக்குள், ஒன்பது சட்டிகள் இருந்தன. இரண்டு தாச்சி, ஒரு புட்டுப்பானை, மூடி தொலைந்த ஒரு பிரெஷர் குக்கர், இன்னும் ஏதேதோ. வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதியோரம் நிற்கும் அந்த மாடிக் கட்டிடத்தின் ஏழாம் தளத்துக்கு அவள் குடிவந்து எட்டு வருசம். எட்டு வருசத்திலும் அந்த அடுப்பின் கதவு சட்டி எடுக்கவும் சட்டி வைக்கவும்தான் திறந்திருக்கிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ரொறொன்ரோவில் எங்கள் சனத்தின் பத்து வீட்டில் ஒன்பதில் இதுதான் கதை. மேலே இருக்கிற நாலு அடுப்பும் சமையலுக்கு, கீழே இருக்கிறது அலுமாரி. பத்தாவது வீட்டுக்காரர் கேக் ஓடர் எடுக்கிறவர்களாக இருப்பார்கள்.

அந்த அடுப்பைத் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்ரோபர் கடைசிக் கிழமையில் அவள் முழங்காலில் நின்று வெறுமையாக்கினாள். மகள் கேட்டிருந்தாள். மகள் கேட்டால் அருள்மலர் அடுப்பை என்ன, வீட்டையே வெறுமையாக்கிக் கொடுப்பாள். வீடு ஏற்கெனவே வெறுமையாகத்தான் கிடந்தது என்பது வேறு விசயம்.

அருள்மலர் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கணவன் அல்பேட் ஊரில் ஒரு றெஸ்ற் ஹவுஸில் குசினிப் பொறுப்பாக இருந்தவர். எண்பத்தெட்டில் மூன்று பேருமாக வந்து இறங்கியபோது மகள் ஸ்டெபனிக்குப் பதினாறு வயது. இருபது பேருக்கு ஒரே மூச்சில் சமைத்த மனுசன் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஐந்தாம் வருசம் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அருள்மலர் மஃபின் பக்டரியில் காலை ஷிஃப்ற், பின்னேரம் பக்கத்துக் கட்டிடத்தில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிற வேலை என்று மாறி மாறிச் செய்து மகளை யூனிவர்சிற்றி முடிப்பித்தாள். நாரிநோ, முதுகுநோ என்று ஒரு நாள் படுத்தவளில்லை. படுத்தால் யார் பார்க்கிறது?

ஸ்டெபனி படித்தாள். இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் நல்ல வேலை எடுத்தாள். போன வருசம் ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு சூட்கேஸும் ஒரு மேசைவிளக்குமாக வெளிக்கிட்டுப் போனாள். வேலைக்குக் கிட்ட, டான்ஃபோர்த் பக்கம், கூடப் படித்த பெட்டையோடு வீடு எடுத்திருக்கிறேன் என்றாள். கலியாணம் கட்டாத குமர்ப்பிள்ளை தனிவீடு போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்க அருள்மலருக்கு வாய் வரவில்லை. ஊர் சொல்லத்தான் செய்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

வெக்ஸ்போர்ட்டிலிருந்து டான்ஃபோர்த் என்ன கடல் தாண்டியா? ஒரு பஸ், பிறகு ஒரு சப்வே, அரை மணித்தியாலம். ஆனால் பதினாலு மாதத்தில் அருள்மலர் அந்த வீட்டைக் கண்ணால் கண்டதில்லை. முதலில் இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை என்றாள் மகள். பெயின்ற் அடித்து முடிய நிலத்துக்குப் பலகை போடுகிறார்கள் என்றாள். நிலம் போட்டு முடிய சோஃபா வரவில்லை. அந்தச் சோஃபா எந்தக் கப்பலில் வந்துகொண்டிருந்ததோ, இன்னும் கரை தட்டவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு ஸ்டெபனி தானே வருவாள், சாப்பிடுவாள், கறி கட்டிக்கொண்டு போவாள்.

காரணம் சோஃபா இல்லை என்று அருள்மலருக்கு மாசி மாதமே தெரிந்துவிட்டது. ஒரு காலை மகளுக்குப் போன் எடுத்தாள். எடுத்தது ஆம்பிளைக் குரல். நித்திரை கலையாத குரல். "ஸ்டெப் குளிக்கிறா, யார் கதைக்கிறது?" என்று இங்கிலிஷில் கேட்டது. அருள்மலர் "சொறி, ரோங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டு ரோங் நம்பர் என்று சொன்ன தாய் இந்த நகரத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ எனக்குத் தெரியாது. இவள் ஒருத்தி.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. செபமாலையை உருட்டினாள், அழுதாள், செத்துப்போன அல்பேட்டின் படத்தோடு சண்டை பிடித்தாள். நாலாம் நாள் கோபம் தானாக அடங்கிவிட்டது. வெள்ளையோ கறுப்போ, கட்டினவனோ கட்டாதவனோ, பிள்ளை தனியாக இல்லை. தனியாக இருப்பது என்றால் என்னவென்று அருள்மலருக்குத் தெரியும். தெரிந்ததை மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பயந்து ஞாயிறு வருவதையும் நிறுத்திவிட்டால்? அதனால் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு தடவை கால் வைக்கவேண்டும். பிள்ளை எந்த அறையில் படுக்கிறாள், யன்னலால் குளிர்காற்று அடிக்கிறதா, குசினியில் உப்பு எங்கே வைத்திருக்கிறாள், இவ்வளவும் பார்க்கவேண்டும். ஆனால் கேட்டுப் போகமாட்டாள். தானாகக் கூப்பிடவேண்டும். பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துக்கும் ஒரு ரோசம் இருந்தது.

அந்த நிலைமையில்தான் ஒக்ரோபர் இருபத்தாறு, ஞாயிறு பின்னேரம், போன் வந்தது.

"அம்மா, வெள்ளிக்கிழமை ஹலோவீனுக்கு ஒரு சின்னப் பார்ட்டி வைக்கிறம்" என்றாள் ஸ்டெபனி.

வைக்கிறன் இல்லை, வைக்கிறம். அருள்மலர் அதைக் கவனித்தாள்.

"அப்பா செய்யிற அந்த டெவில் பொட்டேட்டோ இருக்கெல்லே? அதைச் செய்வீங்களே? ஹலோவீனுக்கு டெவில் எண்டால் எல்லாருக்கும் ஃபணியா இருக்கும். சைட் டிஷ்ஷா வைக்கலாம்."

"ஏன் செய்யாமல்? எத்தினை பேர்?"

"பன்ரண்டு பேர். ஆனா பொரிக்காதேங்கோ அம்மா. இவை எண்ணெய் பாக்கிற ஆக்கள். அவனுக்கை வைச்சு றோஸ்ற் பண்ணுங்கோ. தோல் உரிக்க வேண்டாம்."

"தோலோடையே? ஆக்கள் என்ன நினைப்பினம் பிள்ளை?"

"தோலிலைதான் சத்து அம்மா. சரி, நான் ஓடவேணும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்து ஏத்துறன். ரெடியா இருக்கவேணும், சரியே? உங்கடை பில்டிங்கிலை பார்க்கிங் கரைச்சல்."

"ஓம் பிள்ளை. ஆறு மணிக்கு ரெடியா இருப்பன்."

அருள்மலர் போனை வைத்தாள். ஏத்துறன் என்றுவிட்டாள். காரில் வந்து ஆளைக் கூட்டிப்போவதற்கு இங்கே எங்கள் சனம் வைத்திருக்கிற சொல் அது. வேலையால் வரும்போது என்னை ஒருக்கால் ஏத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏத்தவேணும், இப்படி. அருள்மலர் கார் ஓடப் பழகாதவள். யாரோ ஏத்தி யாரோ இறக்கித்தான் கனடாவில் அவளுடைய ஒன்பது வருசமும் ஓடியிருக்கிறது. ஆனால் மகள் வாயால் அந்தச் சொல்லை, அந்த வீட்டுக்கென்று கேட்டது இதுதான் முதல் தடவை. ஆண்டவரே என்று சொல்லி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

டெவில் என்றால் பயப்பட வேண்டாம். இலங்கை றெஸ்ற் ஹவுஸ்களில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் கறிமிளகாயும் போட்டுக் கண்ணில் தண்ணி வரப் பிரட்டி எடுத்தால் அதற்கு டெவில் என்று பெயர். கோழி டெவில், கணவாய் டெவில், உருளைக்கிழங்கு டெவில். அருள்மலர் பக்தி கூடினவள். வீட்டுக்குள் சாத்தான் பெயர் எதற்கு என்று அதைப் பிரட்டல் என்றே சொல்லுவாள். "பேரிலைதான் பேய், வாயிலை வைச்சால் மோட்சம்" என்று அல்பேட் சிரிப்பார்.

திங்கட்கிழமை பக்டரியில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. மஃபின்களை ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்குகிற லைனில் அவளுக்கு எதிரே நிற்பது யோகராணி. நல்ல பெண்தான், ஆனால் நாக்கு நீளம்.

"வெள்ளிக்கிழமை மகள் வந்து ஏத்துறாவாம். வீட்டிலை பார்ட்டி" என்றாள் அருள்மலர், ஏதோ கிழமைக்குக் கிழமை நடப்பது போல.

"எங்கை, மகள் வீட்டையோ? இன்னும் போகேல்லை எண்டு சொன்னனீங்களெல்லே அக்கா?"

"அப்ப வீட்டிலை வேலை நடந்தது. இப்ப முடிஞ்சுது."

"ஓகோ. அப்ப ஹலோவீன் பார்ட்டி எண்டால் வேசம் போடவேணுமே? நீங்கள் என்ன வேசம்?"

அருள்மலர் இதை யோசிக்கவில்லை. அன்று முழுக்க யோசித்தாள். பேய் வேசம் போட அவளால் முடியாது. ஹலோவீனுக்கு அடுத்த நாள் சகல புனிதர் திருநாள். கடைசியில், தாய்க்கு வேசம் என்ன வேண்டிக்கிடக்கு, தாய் தாயாகவே போகலாம் என்று முடிவெடுத்து, நீல மணிப்புரிச் சேலையை எடுத்து அயர்ன் பண்ணி வைத்தாள்.

அடுப்பை வெறுமையாக்கினாள் என்றேனே, அது புதன்கிழமை. வெறுமையாக்கினால் போதுமா? அதை எரிய வைக்கத் தெரியவேண்டும். இரண்டு குமிழையும் மாறி மாறித் திருகிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஸுஹைராவைக் கூப்பிட்டாள். ஸுஹைரா புத்தளத்து முஸ்லிம் பெண். பெருநாளுக்கு வட்டிலப்பமும் கேக்கும் செய்து கட்டிடம் முழுக்கக் கொடுக்கிறவள். அவள் வந்து கதவைத் திறந்து பார்த்தாள்.

"அன்ரி, இது புத்தம் புது அவனாக்கும். விக்கலாம் போல இருக்கே."

"பகிடியை விடும் பிள்ளை. எதைத் திருப்பிறது?"

"இத நானூறுல வைங்க. அந்த லைட் அணைஞ்ச பொறகு தட்ட உள்ளுக்கு தள்ளுங்க. நடுவுல ஒருக்கா பெரட்டி விடுங்க. மொளகாத்தூள முதல்லயே போட்டுடாதீங்க, கரிஞ்சு போகும்."

அருள்மலர் முதல்லயே போட்டாள். அல்பேட் அப்படித்தான் போடுவார் என்பது அவளுடைய வாதம். அல்பேட் தாச்சியில் செய்தார் என்பதை மறந்துவிட்டாள். பத்து நிமிசத்தில் வீடு முழுக்கச் செத்தல் புகை, அவளுக்குத் தும்மலும் இருமலும், ஸ்மோக் அலாம் கத்து கத்து என்று கத்த, கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினாள். ஸுஹைரா ஓடிவந்து யன்னலைத் திறந்துவிட்டு, "சொன்னேனே அன்ரி" என்று மட்டும் சொன்னாள். கருகின கிழங்கை இரண்டு பேரும் சுரண்டிச் சாப்பிட்டார்கள். அது கூட மோசமில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ற் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள் காலில் சுடுதண்ணி ஊற்றின மாதிரிப் பறந்தாள். சின்னக் கிழங்குகளைத் தேய்த்துக் கழுவி, மனம் கேளாமல் தோலோடு பாதியாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு அரை அவியலாக அவித்து வடித்தாள். எண்ணெயில் புரட்டித் தட்டில் பரப்பி உள்ளே தள்ளினாள். ஓரம் பொன்னிறமானதும் வெங்காயமும் கறிமிளகாயும் கருவேப்பிலையும் சேர்த்துக் கிளறினாள். எல்லாம் முறுகி வந்த பிறகுதான், வறுத்து இடித்த செத்தல் தூளும், கொஞ்சம் பெருஞ்சீரகத் தூளும், இரண்டு கரண்டி தக்காளிச் சோசும் போட்டுப் பிரட்டி இன்னும் ஐந்து நிமிசம் விட்டாள். எடுத்துத் தேசிக்காய் பிழிந்து ஒன்றை வாயில் வைத்தாள். தோல் மொறுமொறு என்று உடைந்தது. பிள்ளை சொன்னது சரிதான் என்று நினைத்தாள்.

ஐந்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஈயத்தாளால் மூடின தட்டு மேசையில். சேலை, அதன் மேல் பனிக்கோட்டு, காலில் சப்பாத்து, மடியில் கைப்பை. கதவுக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தாள். அந்தப் பெடியன் முன்னால் வந்தால் சொல்ல ஒரு வசனம் வைத்திருந்தாள். நைஸ் ரு மீற் யூ. கோபமாகச் சொல்லக்கூடாது, சிரித்துச் சொல்லவேண்டும். ஸ்டெபனி பயந்து போவாள், அதற்குள் பிள்ளையின் கையைப் பிடித்து, எனக்கு எப்பவோ தெரியும் மோனை என்று சொல்லிவிடவேண்டும்.

கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தாள். மூன்று குட்டிப் பேய்கள் பையை நீட்டிக்கொண்டு நின்றன. சொக்லற் போட்டு அனுப்பினாள். ஆறு மணி. மறுபடியும் தட்டல், ஒரு சிலந்தி மனிதனும் ஒரு பூசணிக்காயும். ஆறு பத்து. கோட்டுக்குள் வேர்த்தது, கழற்றவில்லை. கழற்றுகிற நேரம் பார்த்துப் பிள்ளை வந்து பார்க்கிங் இல்லை என்று துள்ளுவாள். ஆறு இருபதுக்கு மூன்றாவது தட்டல்.

திறந்தால் வாசலில் ஒரு கன்னியாஸ்திரி. வெள்ளைத் தலைமூடி, கறுப்பு அங்கி, கழுத்தில் பெரிய சிலுவை. அருள்மலர் கைகூப்பிவிட்டாள். "தோத்திரம் சிஸ்டர், வாங்கோ" என்றாள்.

"அம்மா, இது நான்."

ஸ்டெபனி விழுந்து விழுந்து சிரித்தாள். அருள்மலரும் சிரித்தாள். கன்னியாஸ்திரி வேசம் போடுகிறதா என்று வேறு நாள் என்றால் பொரிந்து தள்ளியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு எதுவும் பிழையாகத் தெரியவில்லை. மகள் நேரே மேசைக்குப் போய் ஈயத்தாளைத் தூக்கி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். "அப்பான்ரை மாதிரியே இருக்கு" என்றாள். அதைக் கேட்டது அருள்மலருக்குப் போதும் போல இருந்தது.

தட்டைக் கையில் எடுத்துத் திரும்பினபோதுதான் ஸ்டெபனி தாயை ஒழுங்காகப் பார்த்தாள். சேலையை, கோட்டை, கைப்பையை.

"எங்கை அம்மா வெளிக்கிட்டு நிக்கிறீங்கள்? கோயிலுக்கே? நாளைக்குச் சகல புனிதர் எண்டு இண்டைக்கே பூசையோ?"

அரிசி மூட்டையையும் ஏத்தலாம். மாம்பழப் பெட்டியையும் ஏத்தலாம். பன்னிரண்டு பேருக்குச் செய்த உருளைக்கிழங்குத் தட்டையும் ஏத்தலாம். யாரை, எதை என்று மகள் சொல்லவில்லை, தாய் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஐந்து நாள் அருள்மலர் தூக்கிக்கொண்டு திரிந்த சொல் கிழங்குக்குச் சொன்ன சொல்.

சொல்லியிருக்கலாம். நீ என்னை ஏத்துறன் எண்டு சொன்னாய் எண்டு நினைச்சன் மோனை என்று ஒரு வரி. வாய் இருக்கிறதுதானே? யோகராணி என்றால் சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அருள்மலருக்கு அந்த நேரத்தில் தன்னுடைய முகம் மகளுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதுதான் முதலில் வந்தது. குனிந்து சப்பாத்தைச் சரிசெய்தாள்.

"ஓம், பூசை" என்றாள்.

"அப்ப வாங்கோ, போற வழிதானே. இறக்கிவிடுறன்." சொன்ன பிறகு ஸ்டெபனி கொஞ்சம் தடுமாறினாள். "கீழை ஒரு ஃபிரெண்ட் காரிலை நிக்கிறான். நிக்கோ. அவன்தான் காரை ஓடிக்கொண்டு வந்தவன்."

"நிக்கட்டும் பிள்ளை. அதுக்கென்ன?"

காரிலிருந்து இறங்கி வந்தது ஆறடி உயரத்தில் ஒரு இரத்தக் காட்டேறி. கறுப்புப் போர்வை, வாயோரம் சிவப்பு வழிந்தது. அந்தக் கோலத்தில் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஹலோ மிஸிஸ் அல்பேட் என்று வலு மரியாதையாகச் சொன்னான். அருள்மலருக்கு அந்தக் குரல் தெரிந்தது. மாசி மாதத்திலிருந்து தெரியும். "நைஸ் ரு மீற் யூ" என்றாள். சிரித்துத்தான் சொன்னாள். அவன் கை கொடுத்தான். நல்ல சூடான கை. மகள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு பின்சீற்றில் ஏறி மடியில் வைத்தாள். கார் முழுக்கச் செத்தல் மிளகாய் வாசம். நல்ல வாசம், பசிக்குது என்று அவன் இங்கிலிஷில் சொன்னான். பிறகு, தட்டோடு ஏறினவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சாதாரணமாக ஸ்டெபனியிடம் கேட்டான்.

"உன்ரை அம்மாவும் எங்களோடை வாறாவா?" என்று அர்த்தம் வருகிற கேள்வி. இங்கிலிஷ்தான். அருள்மலருக்கு விளங்காத இங்கிலிஷ் இல்லை.

"நோ நோ" என்றாள் ஸ்டெபனி. "ஷி ஹாஸ் சேர்ச்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஓம்தானே அம்மா?"

வெள்ளைத் தலைமூடிக்குள் அந்த முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. பள்ளிக்கூட றிப்போட்டை மறைத்து வைத்துக்கொண்டு நிற்கிறபோது வருகிற முகம். அது வெறுப்பு இல்லை, பயம். வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை என்பதை, கதவுக்குப் பின்னால் ஆம்பிளைச் சட்டை தொங்குவதைத் தாய் கண்டுவிடுவாளோ என்ற பயம். எனக்குத் தெரியும் மோனை என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அருள்மலர் வாயைத் திறந்தாள். முன்னால் அந்நியப் பெடியன் இருக்கிறான், பிள்ளை கூனிக்குறுகிப் போய்விடுவாள் என்று தோன்றியது.

"ஓம். சேர்ச்" என்றாள்.

ஸ்டெபனியின் தோள் இறங்கினதைப் பின்னாலிருந்து பார்த்தாள். கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வரவேணும் அம்மா, அதுக்குள்ளை சோஃபா வந்திடும் என்று மகள் தமிழில் சொன்னாள். அருள்மலர் ஓம் ஓம் என்றாள். பாமசி றோட்டால் இறங்கி ஐந்து நிமிசம். தட்டின் சூடு கோட்டைத் தாண்டிச் சேலையைத் தாண்டி மடியில் ஏறிக்கொண்டிருந்தது. கோயில் வந்துவிட்டது.

அவள் இறங்கினாள். தட்டு சீற்றில் இருந்தது. வாசலுக்கு மேலே ஒரு விளக்கைத் தவிர கோயில் இருட்டு.

"லைற்றைக் காணேல்லை?" என்றாள் ஸ்டெபனி.

"பின்வாசலாலை போறது. நீங்கள் போங்கோ, கிழங்கு ஆறப்போகுது."

"திரும்பி எப்பிடிப் போவீங்கள்?"

"யோகராணி வந்து ஏத்துவா."

கார் போனது. வளைவில் திரும்பும் வரைக்கும் கை காட்டினாள். பிறகு முன்கதவைத் தள்ளிப் பார்த்தாள். பூட்டியிருந்தது. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பூசை என்று கடதாசி ஒட்டியிருந்தது. அவளுக்கும் தெரிந்த விசயம்தான். படியில் கொஞ்ச நேரம் நின்றாள். எங்கேயும் போகவேண்டும் என்ற அவசரம் அவளுக்கு இல்லை. இவ்வளவு பெரிய நகரத்தில் தன்னை எதிர்பார்த்துக்கொண்டு ஒரு கதவும் இல்லை என்பது அந்தப் படியில்தான் அவளுக்கு முழுசாக விளங்கியது. அழுதாள். கோயில் வாசலில் அழுவதற்கு வெட்கம் இல்லை.

பஸ் வந்தது. உள்ளே பாதிச் சனம் வேசத்தில். பூனைக்காது வைத்த பெட்டை ஒருத்தி எழும்பி அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, சேலையை மேலும் கீழும் பார்த்து, உங்கள் கொஸ்ரியூம் நல்ல வடிவு என்றாள். அருள்மலர் தாங்க்யூ என்றாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது பசித்தது. பன்னிரண்டு பேருக்கு அளந்து செய்தவள் தனக்கென்று ஒரு துண்டு எடுத்து வைக்கவில்லை. பாணை வெட்டி வெறும் தேத்தண்ணியோடு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்து ஸ்டெபனி போனில் குரல் பதிந்து விட்டிருந்தாள். உறைப்பு உறைப்பு என்று தண்ணி குடித்துக் குடித்து எல்லாரும் தட்டை வழித்துவிட்டார்கள், நிக்கோ சோஸைப் பாணால் துடைத்தான் என்று. அருள்மலர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை லைனில் நின்று கையுறை போடுவதற்குள் யோகராணி தொடங்கிவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா?

"என்னக்கா, மகள் வீடு எப்பிடி?"

அருள்மலர் ஒரு மஃபினை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். "நல்ல வீடு. வெளிச்சமான வீடு" என்றாள்.

"என்ன பெயின்ற்?"

"இளமஞ்சள். குசினியிலை பெரிய யன்னல். உப்புப் போத்திலை அடுப்புக்குப் பக்கத்திலைதான் வைச்சிருக்கிறாள், என்னைப் போல. நான் போன உடனை சோஃபாவிலை இருத்திப்போட்டு எழும்ப விடேல்லை. எல்லாரும் வந்து வந்து கதைச்சினம்."

சொல்லச் சொல்ல அந்த வீடு அவள் கண்ணுக்குத் தெரிந்தது. யன்னலுக்கு வெள்ளைத் திரை போட்டாள். சுவரில் அல்பேட்டின் படத்தை மாட்டினாள். யோகராணி மஃபினை மறந்து வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்து வைச்சனீங்கள் அக்கா. எத்தினை அறை?"

"மூண்டு."

"மூண்டோ? ரெண்டு பெட்டையளுக்கு மூண்டு அறை என்னத்துக்கு?"

லைன் நகர்ந்துகொண்டிருந்தது. ஆறாவது மஃபினை வைத்துப் பெட்டியை மூடினாள்.

"ஒண்டு எனக்காம்" என்றாள்.